மிக நெருங்கும் தூரம்

எங்கள் வேலையில் அப்படி ஓர் எண் இருக்கிறது.
இரண்டு கப்பல்கள் இப்போதைய வேகத்தில்
இப்போதைய திசையில் போனால்
எந்த நிமிடத்தில் எவ்வளவு கிட்டத்தில் கடக்கும் என்று
திரையோரம் ஓடிக்கொண்டே இருக்கும்.
பதினோரு ஆண்டாக அதைப் பார்த்துத்தான்
சம்பளம் வாங்குகிறேன்.

நேற்று இரவு ஷிப்டுக்குக் கிளம்பும்போது
குடும்பக் குழுவில் ஜெகதா அக்கா:
பூமியை நோக்கி வருதாம்.
முதலில் பஸ் அளவு, பிறகு வீடு அளவு,
மூன்றாம் செய்தியில் ஒரு புளோக் அளவு.
கீழே அழுமுகம் நான்கு, கும்பிடும் கை இரண்டு.
நான் கேட்டேன்: எவ்வளவு தூரத்துல கடக்குது?
அதற்குள் அவள்
நாளைய மீன்குழம்புக்குப் போய்விட்டாள்.

லிஃப்டில் தேடிப் பார்த்தேன்.
பெயர் கிடையாது. ஓர் ஆண்டு, இரண்டு எழுத்து, ஓர் எண்,
கார் நம்பர் மாதிரி.
நிலவின் தூரத்தில் ஐந்தில் ஒரு பங்கில் கடக்கும்.
நம் நேரம் விடிகாலை மூன்று நாற்பத்தொன்று.
மோதும் வாய்ப்பு இல்லை.
முதன்முதலில் கண்ணில் பட்டு நான்கு நாள் ஆகிறது.

கடைசி வரியில் நின்றுவிட்டேன்.
கதவு திறந்து, காத்திருந்து, மூடிக்கொண்டது.

சாங்கியில் ஏர்கான் எலும்பைத் தொடும்.
திரை நிறைய முக்கோணங்கள்.
ஒவ்வொன்றும் தன் பெயரைச் சொல்லியபடி போகிறது,
எங்கிருந்து, எங்கே, நீருக்குள் எத்தனை மீட்டர்.
சொல்லிக்கொண்டு வருகிறவை எத்தனை ஆயிரமானாலும்
எனக்குக் கவலையில்லை.

நிறைந்த டேங்கர்
நிற்க வேண்டும் என்று நினைத்த பிறகும்
நாலு கிலோமீட்டர் போகும்.
பத்து மைலுக்கு முன்னால் என்றால்
சுக்கானை ஒரு டிகிரி தொட்டால் போதும்.
அரை மைலில், கடவுளே வந்து பிடித்தாலும் திரும்பாது.
அந்தக் கல்லுக்கும் இதே கணக்குதானாம்.
முன்கூட்டித் தெரிந்தால் ஒரு தட்டு.
நான்கு நாளில் தெரிந்தால்
அழுமுகம் நான்கு.

மூன்று பதினெட்டு.
பத்தாம் பக்கம் மழை.
மழை ரேடாரில் அரிசி கொட்டியது போல் விழும்.
அந்த அரிசிக்குள் ஓர் அரிசி
நகர்ந்தது.

அலாமாக், என்றான் ரித்வான்,
கோப்பியைக் கீழே வைக்காமலே.

'பெர்லா மெரிடியன்', கிழக்கே போகும் டேங்கர்.
முன்னால் சிறு படகு, வலது பக்கம், விளக்கில்லை என்றேன்.
எதுவும் தெரியவில்லை என்றார் கேப்டன்,
தூக்கமில்லாத, மரியாதையான குரல்.
எனக்குத் தெரிகிறது என்றேன்.
அதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

எண் குறைந்தது.
இருநூறு மீட்டர். நூற்றிருபது.
இரண்டு புள்ளியும் ஒன்றாகிவிட்டன.
ரேடார் ஒரு சுற்று வந்தது. ஒன்று.
இன்னொரு சுற்று. ஒன்று.
ரித்வானின் நாற்காலி கிறீச்சிடுவது நின்றிருந்தது.

மூன்றாவது சுற்றில்
இரண்டு.

பிறகு படிவம்.
சேதம்: இல்லை. காயம்: இல்லை. எண்ணெய்க் கசிவு: இல்லை.
படகின் பெயர்: தெரியாது.
எழுதி முடித்து நிமிர்ந்தபோது மணி மூன்று ஐம்பத்தாறு.
வந்தது போயிருந்தது.
தலைக்கு மேலே கூரை, கூரைக்கு மேலே மேகம்,
மேகத்தில் துறைமுக விளக்குகளின் ஆரஞ்சு.
பார்க்க நினைத்திருந்தாலும்
பார்த்திருக்க முடியாது.

அந்தப் படகில் யார் இருந்தார்கள்?
ஒருவரா, இருவரா,
மழைக்குத் தார்ப்பாய் போர்த்தித் தூங்கினார்களா?
இருட்டில் ஒரு மதில் தங்களைக் கடந்ததை
அலையின் ஆட்டமாவது சொல்லியிருக்குமா?
இந்நேரம் எங்கோ ஓர் அலைத்துறையில்
மீனை எடை போட்டுக்கொண்டிருப்பார்கள்.

தெம்பனிஸில் இறங்கிச் சாலையைக் கடக்கையில்
விளக்கில்லாத சைக்கிள் ஒன்று
என் முழங்கையை உரசிப் போனது,
முதுகில் யாருடைய காலைச் சாப்பாடோ.

போன் அதிர்ந்தது. ஜெகதா அக்கா:
பாத்தியா, ஒண்ணுமே ஆகல. எல்லாம் வதந்தி.

மைல்கள், மீட்டர்கள், நிலவின் ஐந்தில் ஒரு பங்கு
எல்லாம் தட்டச்சு செய்தேன்.
அழித்தேன்.

ஆமாக்கா, என்று அனுப்பினேன்.
குழம்பு எடுத்து வை,
தூங்கி எழுந்து வர்றேன்.